டேம் டோராவுக்குக் குறித்த நாள்

டேம் டோரா கெட்டில்வெல் சாவதற்கு நாள் குறித்துவிட்டார்கள். நவம்பர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணி. கெட்டியான காகிதத்தில், பொன் முத்திரை பதித்த கடிதம். அடியில் ஒரு வரி: "இந்த நாள் தங்களுக்குத் தோதாக இருக்கும் என்று நம்புகிறோம்."

கடிதம் வந்தபோது டோரா புகைபோட்ட மீனை வெண்ணெயில் வாட்டிக்கொண்டிருந்தாள். ஹல் துறைமுகத்தில் மீன் பதப்படுத்துகிறவருக்குப் பிறந்தவள். எண்பத்தொரு வயதில் அரசு தரும் 'டேம்' பட்டமும் பதக்கங்களும் வந்தும் காலையில் அந்த மீன் இல்லாமல் அவளுக்கு நாள் விடியாது. மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கடிதத்தை இரண்டு முறை படித்தாள். மீன் கருகிவிட்டது.

"க்ளெனிஸ், இதைப் படி. எனக்கு மட்டும்தான் இப்படித் தெரியுதான்னு பாரு."

க்ளெனிஸ் நாற்பது வருடமாக டோராவுக்கு உடை மாட்டிவிடுகிறவள். வேல்ஸ்காரி. டோரா மூன்று அரசிகளாகவும் ஒரு கொலைகாரியாகவும் மேடையேறியபோது முதுகுக் கொக்கிகளை மாட்டியவள் அவள்தான். விண்வெளிப் படமொன்றில் பதினொரு நிமிடம் வந்த பேரரசிக்கு நெற்றியில் பச்சைச் சாயம் தடவியவளும் அவள்தான். அறுபது வருட நாடகத்தை மறந்துவிட்ட ஊர், அந்தப் பதினொரு நிமிடத்தை மட்டும் மறக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமைன்னு போட்டிருக்காங்களே," என்றாள் க்ளெனிஸ். "அன்னிக்குத்தானே உன் நாடகம் தொடங்குது? ஒரே நாள்ல ரெண்டுக்கும் எப்படிடீ போவ?"

விஷயம் இதுதான். லண்டனில் பெரிய நடிகர் யாராவது மறைந்தால் நாடக அரங்குகள் எல்லாம் மாலை ஏழு மணிக்கு முகப்பு விளக்குகளை ஒரு நிமிடம் மங்க வைக்கும். நல்ல வழக்கம்தான். அதை ஒழுங்காக நடத்துவதற்கென்று நாடக மரியாதைக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. முப்பத்தொன்பது அரங்குகளிடமும் ஒப்புதல் வாங்க, மின்பணியாளர்களுக்கு முறைப்படி தெரிவிக்க, உரை எழுத, எழுதிய உரையைத் திருத்த, எல்லாம் சேர்ந்து ஆறு வாரம் ஆகும். சாகிறவர்கள் ஆறு வாரம் முன்னதாகச் சொல்லிவிட்டுச் சாவதில்லை. அதனால் கழகம் முன்னேற்பாட்டுக் குழு ஒன்றை வைத்திருந்தது. வயதையும் விருதுகளையும் கூட்டிக் கழித்து, யார் எப்போது என்று அந்தக் குழு முடிவு செய்யும். ஆள் போன பிறகுதான் விளக்கு மங்கும் என்று டோரா அத்தனை நாளும் நம்பியிருந்தாள். ஊரும் அப்படித்தான் நம்புகிறது.

அவளுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை வேண்டியிருந்தது. ஐம்பத்தேழு வருடமாக வேண்டியிருந்தது.

இருபத்துநான்கு வயதில் கார்னெட் அரங்கில் 'தீவு விடுதி' என்ற நாடகத்தில் அவள் மாற்று நடிகையாக இருந்தாள். படகுப் போக்குவரத்து நின்றுபோன ஒரு தீவில் விடுதியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் கிழவியின் கதை. கிழவியாக நடித்தது கான்ஸ்டன்ஸ் வெரால். அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் டோரா ஏற வேண்டும். கான்ஸ்டன்ஸுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. நானூறு காட்சிகளிலும் டோரா பக்கத் திரைக்குப் பின்னால் நின்று உதட்டை அசைத்தாள், அவ்வளவுதான்.

அதிலும் கடைசி வசனம் அவள் வாய்க்கு வந்ததே இல்லை. பார்வையாளர் இல்லாத ஒத்திகையில் நாடகத்தின் கடைசி வசனத்தைச் சொல்லக் கூடாது, சொன்னால் நாடகம் விளங்காது என்பது நாடகக்காரர்களின் நம்பிக்கை. அந்த இடம் வந்தால் கான்ஸ்டன்ஸ் உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள். மாற்று நடிகர்களின் ஒத்திகையில் டோரா அந்த வசனத்துக்குப் பதிலாக "தேநீர்" என்பாள். நாலே சொல். அந்த நாலு சொல்லும் ஐம்பத்தேழு வருடமாக அவள் தொண்டையில் உட்கார்ந்திருந்தன.

இப்போது அதே கார்னெட்டில், அதே நாடகத்தில், கிழவி வேடம். ஒத்திகை தொடங்க ஒரு வாரம் இருந்தது.

"நேர்ல போய்ப் பேசிடு," என்றாள் க்ளெனிஸ். "தொலைபேசியில சொன்னா நீ உயிரோட இருக்கறதை நம்ப மாட்டாங்க."

கழகத்தின் தலைவர் சர் பெரிக்ரின் ஹோல்ட்ஸ்வொர்த் எழுந்து நின்று வரவேற்றார். சுவர் முழுக்கப் படங்கள். எல்லாரும் இறந்தவர்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆணி மட்டும் காலியாக இருந்தது.

"வாங்க டேம் அவர்களே, வாங்க! நேர்லயே வந்துட்டீங்க. பொதுவா இந்தக் கட்டத்துல யாரும் நேர்ல வர்றதில்லை."

"நான் இன்னும் சாகலை, சர் பெரிக்ரின்."

"நாங்க அவசரப்படுத்தவே இல்லையே. விளக்கு மட்டும்தான் எங்க பொறுப்பு. மத்தது உங்க சொந்த விஷயம். அதுல கழகம் ஒருநாளும் தலையிடாது."

"அப்ப தேதியைத் தள்ளி வைங்க."

அவர் முகம் உண்மையாகவே வாடியது. "முப்பத்தொன்பது அரங்கும் கையெழுத்துப் போட்டிருக்கு. முப்பத்தொன்பதும்! போன தடவை ஒரு பெரிய மனுஷருக்கு முப்பத்தேழுதான் கிடைச்சுது. அவர் விதவை இன்னும் எங்களோட பேசறதில்லை. உங்களுக்கு இப்படி அமைஞ்சிருக்கு. அதை வேணாம்னு சொல்லலாமா?"

"எனக்கு அன்னிக்கு நாடகம் இருக்கு."

சர் பெரிக்ரின் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தேநீரில் நனைத்தார். தட்டை அவள் பக்கம் நகர்த்தவில்லை.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க கலைஞர்களை நேசிக்கிறவங்க. ஆனா உயிரோட இருக்கிற கலைஞரை நேசிக்கிறதுல ஒரு தொந்தரவு. அடுத்து என்ன பண்ணுவாங்கன்னு தெரியாது. ஒருத்தருக்கு வாழ்நாள் விருது குடுத்தோம். மறுமாசமே ஒரு படுமோசமான நாடகத்துல போய் நடிச்சார். எங்களுக்கு எவ்வளவு தலைக்குனிவு! போனவங்க அப்படி ஒருநாளும் பண்ணினதில்லை. முடிஞ்ச வாழ்க்கைதான் அழகு. அதைச் சட்டம் போட்டு மாட்டலாம்." அவர் கண் காலி ஆணியின் பக்கம் போய்த் திரும்பியது.

"உங்க கணக்கு தப்பாப் போனா?"

"தப்பாப் போனதே இல்லை. தாமதம் ஆகியிருக்கு. தப்பு ஆனதில்லை."

நிரூபிக்கவே அவர் ஒரு பெரிய பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். தோல் அட்டை, அழகான கையெழுத்து. ஒரு பக்கம் குறித்த நாள், அடுத்த பக்கம் நடந்த நாள், ஓரத்தில் பென்சிலால் தாமதம். பெருமையோடு பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"உங்களுக்கு வேண்டியவங்கதான். கான்ஸ்டன்ஸ் வெரால். குறிச்ச நாள், மார்ச் மூணு. நடந்தது அடுத்த வருஷம் பிப்ரவரி ஒம்பது. பதினொரு மாசம் தாமதம். ஆனா எவ்வளவு நாகரிகம் பாருங்க, யார்கிட்டயும் வாய் திறக்கலை."

டோரா குனிந்து பார்த்தாள். பென்சிலில் இன்னொரு குறிப்பும் இருந்தது. 'ஒத்துழைத்தார். எனினும் அரங்கிற்கு வருவதை நிறுத்தவில்லை.'

அந்த வரிமேல் விரலை வைத்து இன்னொரு தடவை படித்தாள்.

கார்னெட் அரங்கில் ஒரு பேய் உண்டு. சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட பெண். மேல்மாடத்தின் கடைசி வரிசையில், பதினான்காம் இருக்கையில் உட்கார்ந்திருப்பாள். எழுந்தால் தானாக மேலே மடங்கிக்கொள்ளும் இருக்கைகள் அவை. பதினான்காம் இருக்கை மட்டும் எப்போது பார்த்தாலும் கீழிறங்கியே கிடக்கும். நாலு தடவை சுருள்கம்பி மாற்றியும் பயனில்லை. அந்த இருக்கையை விற்பதில்லை. அந்தப் பேயை முதலில் பார்த்ததே டோராதான். கான்ஸ்டன்ஸுக்கு விளக்கு மங்கி, அடக்கம் குடும்பத்தாரோடு முடிந்தது என்று செய்தி வந்து, வேடம் வேறொரு பெரிய நடிகைக்குப் போய் ஆறு வாரம் ஆகியிருந்தது. ஏப்ரல் மாத வியாழக்கிழமை, பிற்பகல், மாற்று நடிகர்களின் ஒத்திகை. காலி அரங்கு. டோரா கடைசிக் காட்சியில் நிமிர்ந்து பார்க்கிறாள். மேலே கான்ஸ்டன்ஸ். உதடுகள் அசைகின்றன, வசனத்தோடு, சரியாக.

டோரா அலறிவிட்டாள். எல்லாரும் ஓடி வந்தார்கள். அதற்குள் இருக்கை காலி.

அந்தக் கதையைத் தொலைக்காட்சியில் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். நாற்காலி நுனிக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, கடைசியில் அலறியும் காட்டுவாள். ஒவ்வொரு தடவையும் கைதட்டல்.

"அப்ப அவங்க உயிரோட இருந்தாங்க," என்றாள் டோரா, பதிவேட்டிலிருந்து நிமிர்ந்து.

"தாமதமா இருந்தாங்க," என்று திருத்தினார் சர் பெரிக்ரின்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் அந்த ஏப்ரல் வியாழக்கிழமையையே நினைத்துக்கொண்டு வந்தாள். வேலை போன ஒரு கிழவி, தன் வசனத்தைக் கேட்கப் படியேறி வந்திருக்கிறாள். அவளைப் பார்த்துப் பேய் என்று கூவியது யார்? கழகம் பாதி வேலையைத்தான் செய்தது. மீதியைச் செய்தவள் தான்தான் என்ற நினைப்பு டோராவின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

ஒத்திகை தொடங்கியது. கூடவே மற்றதும் தொடங்கியது.

பத்திரிகையொன்று அவளுடைய இரங்கல் கட்டுரையைச் சரிபார்க்க அனுப்பியது. ஒன்றரைப் பக்கம். தூக்கத்தில் அமைதியாகப் பிரிந்தாள் என்று முதல் வரியிலேயே இருந்தது. "எனக்கு ரெண்டு புருஷன்தான், மூணுன்னு போட்டிருக்கீங்க," என்று டோரா தொலைபேசியில் சொன்னாள். துயரத்தில் இருக்கும் குடும்பத்தாரிடமிருந்து வரும் திருத்தத்தை மட்டும்தான் ஏற்பார்கள் என்று பதில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி பூங்கொத்தோடு வந்தாள். கதவைத் திறந்தது டோரா என்றதும் கொஞ்சம் குழம்பி, பூவைக் க்ளெனிஸிடம் கொடுத்து, "தைரியமா இருங்க" என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

தேவாலயத்தில் நினைவுக் கூட்டத்துக்கு ஒத்திகை நடந்தது. டோரா மூன்றாவது வரிசையில் உட்காரப் போக, அது நெருங்கியவர்களுக்கு என்று ஓரமாக நகர்த்தினார்கள். அவளோடு பதினாறு நாடகங்களில் நடித்த ரெக்ஸ் பீச்சம் பீடத்தருகே நின்று அழுது பழகிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"கண்ணே, நீ கொஞ்சம் தூணுக்குப் பின்னால நில்லேன். உன்னைப் பார்த்தா எனக்குக் கண்ணீர் வர மாட்டேங்குது."

"இத்தனை வருஷமா என்னைப் பார்த்து வந்துதே ரெக்ஸ், அது என்ன?"

"அது நடிப்பு, கண்ணே. இது மனசுலேர்ந்து வரணும்."

ஒவ்வொரு நாளும் அவள் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தாள். கடைக்காரர் அவளுக்குப் பின்னால் நின்றவளிடம் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அரங்கில் தேநீர்த் தட்டு வந்தால் கோப்பைகள் சரியாக ஒன்று குறையும். கண்ணாடி முன்னால் உட்கார்ந்தால் தன் முகம் ஒரு கணம் பிந்தி வருவதுபோல் இருந்தது. நாலாம் எண் ஒப்பனை அறையில் கருந்திராட்சை மிட்டாயின் வாசனை வேறு. தொண்டைக்காகக் கான்ஸ்டன்ஸ் எப்போதும் வாயில் அடக்கிக்கொண்டிருந்த மிட்டாய். அது சந்தையில் நின்றுபோய் முப்பது வருடம் ஆகிறது.

"நீங்கதானா?" என்று ஒருநாள் காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள். "நான் கத்தியிருக்கக் கூடாதும்மா."

நாற்காலியின் பிரம்பு மட்டும் லேசாக முனகியது. க்ளெனிஸ் தைத்துக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தி, "எனக்கும் கேட்டுச்சு," என்றாள். "பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பெரிக்ரினைவிட இது தேவலாம்."

நாடகம் மேடையேற ஐந்து நாள் இருக்கும்போது காப்பீட்டுக் கடிதம் வந்தது. வயதான நடிகருக்குக் காப்பீடு இல்லாமல் எந்த அரங்கும் மேடை தராது. மருத்துவர் அவளைத் தட்டிப் பார்த்து, முட்டியைத் தவிர எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். கழகம் நவம்பர் பதினான்கு என்று எழுதியிருந்தது. காப்பீட்டுக்காரர்கள் இரண்டையும் படித்துவிட்டுப் பொன் முத்திரை இருந்த காகிதத்தை நம்பினார்கள்.

கார்னெட்டின் நிர்வாகி ஜெர்வாஸ் பிம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர். யாரையும் வேலையிலிருந்து எடுக்கும்போது கட்டாயம் கையைப் பிடித்துக்கொள்வார்.

"கண்ணே, நீயே யோசி. முகப்புல உனக்காக விளக்கை மங்க வைக்கிறோம். ஜனங்க தொப்பியை எடுத்துட்டு அழறாங்க. அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்தா மேடையில நீ நிக்கிறே! எவ்வளவு அவமரியாதை? உன்மேல உனக்கே ஒரு மதிப்பு வேணாமா?"

"அப்ப விளக்கை மங்க வைக்காதீங்க."

"முப்பத்தொன்பதுல நாங்க ஒருத்தர் பின்வாங்கினா முப்பத்தெட்டு ஆயிடும். உனக்கு அந்தக் குறை வரணுமா? உன்மேல இருக்கிற அன்புலதான் சொல்றேன்."

வேடம் மாற்று நடிகைக்குப் போனது. அவள் பெயர் டாம்சின். நாற்பது வயதிருக்கும். பன்னிரண்டு வருடமாகப் பலருக்கு மாற்றாக இருந்தவள், ஒருநாளும் ஏறியதில்லை. செய்தி கேட்டதும் நாலாம் அறைக்கு வந்து கதவருகே நின்றாள். முகத்தில் சந்தோஷமும் வெட்கமும் சண்டை போட்டன.

"எனக்கு இது இப்படி வேணாம் மேடம். மாட்டேன்னு சொல்லிடவா?"

டோராவுக்கு அவளை அறையலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. "சொல்லாதே. சொன்னா வேற யாரையாவது போடுவாங்க. எனக்கு அதைப் பண்ணினாங்க." தன் நாடகப் பிரதியை எடுத்து அவள் கையில் வைத்தாள். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. கடைசிக் காட்சியில மேல்மாடத்துல யாராவது உட்கார்ந்து உதட்டை அசைச்சாங்கன்னா, கத்தாதே."

"சாம்பல் கோட்டுப் பேயா மேடம்? நீங்க தொலைக்காட்சியில சொன்னீங்களே."

"பேய் இல்லை. நான் சொன்னது பொய். அவங்க வேலைக்கு வந்தவங்க."

டாம்சின் போன பிறகு டோரா அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். க்ளெனிஸ் தடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, டோராவும் க்ளெனிஸும் கார்னெட்டுக்கு எதிர்ப்புற நடைபாதையில் கூட்டத்தோடு நின்றிருந்தார்கள். டோரா சாம்பல் நிறக் கோட்டுப் போட்டிருந்தாள். வேண்டுமென்று அல்ல, நல்ல கறுப்புக் கோட்டை அருங்காட்சியகத்துக்கென்று கழகம் முந்தைய வாரமே எடுத்துப் போயிருந்தது.

படிக்கட்டில் நின்று சர் பெரிக்ரின் பேசினார். "டேம் டோரா நம்மை விட்டுப் பிரிந்தார் என்று சொல்லமாட்டேன். கழகம் குறித்த நேரத்தில், கழகம் குறித்தபடி, அவர் நிறைவடைந்தார். அவருடைய கலையைப் பற்றிப் பலர் பேசுவார்கள். எனக்கு நாடகம் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. ஆனால் அவருடைய கோப்பு ஒரு முத்து. ஒரு காகிதம் குறையாத கோப்பு!" கூட்டத்தில் டோரா நிற்பது அவர் கண்ணில் பட்டது. பரிவோடு தலையசைத்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, லேசாகப் புருவத்தைத் தூக்கினார்.

ஏழு அடித்தது. தெரு நெடுக விளக்குகள் மங்கின. பெயர்ப் பலகைகள், வாசல்கள், படங்கள், ஒவ்வொன்றாக. சிவப்புப் பேருந்துகள்கூட நின்றன. தொப்பிகள் இறங்கின. அந்த ஒரு நிமிடமும் டோராவுக்குத் தன் நெஞ்சு துடிப்பது காதில் கேட்டது. இவ்வளவு பேருக்கு முன்னால் இப்படித் துடித்துக்கொண்டிருப்பது ஏதோ ஒழுங்கீனம்போல் இருந்தது.

பக்கத்தில் ஒரு பெண் தேம்பினாள். டோரா கைக்குட்டையைக் கொடுத்தாள்.

"அவங்களைத் தெரியுமா உங்களுக்கு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"கொஞ்சம்."

"நான் விண்வெளிப் படத்துல பார்த்தேன். அந்தப் பச்சை நெத்தி! நல்லவங்களா இருந்தாங்களா?"

"சுமாரா இருந்தா," என்றாள் டோரா. "இன்னும் ஒரு நாடகம் குடுத்திருந்தா தேறியிருப்பா."

விளக்குகள் திரும்ப எரிந்தன. க்ளெனிஸ் முழங்கையால் இடித்தாள். "மங்கியாச்சு, முடிஞ்சுது. இப்ப என்ன, மீன் வறுவல் வாங்கிட்டு வீட்டுக்கா?"

"உள்ளே."

கலைஞர் வாசலில் வருகைத் தாளில் அவள் பெயரைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். அதனால் முன்வாசல் வழியாகப் போனார்கள். எல்லாம் விற்றுவிட்டது. மேல்மாடக் கடைசி வரிசையில் பதினான்காம் இருக்கைக்கு இருபுறமும் இரண்டு மட்டும் கிடந்தன. பேய்க்குப் பக்கத்தில் உட்கார யாருக்கும் மனம் வரவில்லை போல. க்ளெனிஸ் பதினைந்தில் உட்கார்ந்தாள், டோரா பதிமூன்றில். நடுவில் அந்த இருக்கை வழக்கம்போல் கீழிறங்கிக் கிடந்தது. மிட்டாய் வாசனை வந்தது. வழிகாட்டும் பெண் கைவிளக்கை வரிசை நெடுக அடித்தாள். டோராமேல் வெளிச்சம் நிற்காமல் போனது.

டாம்சின் நன்றாக நடித்தாள். முதல் அரைமணி டோராவுக்கு அது பொறுக்கவில்லை. கையை ஏன் அங்கே வைக்கிறாள், அந்த வரியை ஏன் இழுக்கிறாள் என்று பல்லைக் கடித்தாள். பிறகு எப்போது அதை மறந்தாள் என்று தெரியவில்லை. அவள் உதடுகள் தாமாக அசையத் தொடங்கிவிட்டன.

கடைசிக் காட்சி. தீவில் புயல். வருடக்கணக்காக வராத விருந்தாளியின் தட்டல் கதவில் கேட்கிறது. கிழவி எழுந்து, தாழ்ப்பாளை நீக்கி, நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

டாம்சின் நிமிர்ந்தாள். மேல்மாடத்தைப் பார்த்தாள். சாம்பல் கோட்டைப் பார்த்தாள், அசையும் உதடுகளைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. டோராவுக்கு அந்த முகம் தெரியும். இருபத்துநான்கு வயதில் அது அவளுடைய முகம். வாய் எப்படித் திறக்கும், அலறல் எங்கிருந்து கிளம்பும் என்பதுகூடத் தெரியும். டோரா இருக்கையின் கையை இறுகப் பற்றிக்கொண்டு காத்திருந்தாள்.

டாம்சின் அலறவில்லை. வாயை மூடிக்கொண்டாள். கடைசி வசனத்தைச் சொல்லாமல், கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, ஒதுங்கி நின்றாள். பக்கத் திரையிலிருந்து யாரோ பதறிப்போய் வசனத்தைக் கிசுகிசுத்தார்கள். அவள் அசையவில்லை. உள்ளங்கையை மேல்மாடத்தை நோக்கி விரித்தாள். அப்படியே நின்றாள்.

கீழே முதல் வரிசையில் ஜெர்வாஸ் பிம் பாதி எழுந்துவிட்டார். சர் பெரிக்ரின் செயலாளரின் காதில் ஏதோ சொல்ல, செயலாளர் பென்சிலை எடுத்தார். அன்றிரவு நடந்தது கழகத்தின் பதிவேட்டில் இப்போதும் இருக்கிறது, 'தாமதம்' என்று.

டோரா எழுந்தாள். முட்டி வலித்தது. எண்ணூறு பேரின் தலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் திரும்பின. அவள் அவர்களைப் பார்க்கவில்லை. மேடையையும் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த பதினான்காம் இருக்கையைப் பார்த்து, ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல், கடைசி மூலைவரை கேட்கிற குரலில் சொன்னாள்.

"கதவு திறந்துதான் இருக்கு. வா."

கைதட்டல் தொடங்குவதற்கு முன், டோராவும் க்ளெனிஸும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ எழுந்துகொண்டதுபோல், பதினான்காம் இருக்கை டப்பென்று மேலே மடங்கியது.